சிலேட்டுக்குக் கரி தேய்த்தது எப்படி என்றும் எழுதச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் எழுதும் பள்ளிக்கால நினைவுகளை விடாமல் படித்து வருகிறோம். சிலேட்டு, மைப்பேனா, அரிக்கேன் விளக்கு, பல்லாங்குழி, காலணா மிட்டாய் என்று எல்லாம் வருகிறது. எப்படிச் செய்தார்கள் என்பது மட்டும் வருவதில்லை. "கோவை இலை தேய்த்துச் சிலேட்டைக் கறுப்பாக்குவோம்" என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வரியில் வாத்தியார் பிரம்போடு வந்துவிடுவார். எத்தனை இலை, என்ன கரி, தேய்த்த பிறகும் சில சிலேட்டில் மட்டும் குச்சி ஏன் வழுக்கியது என்று வீட்டுப் பிள்ளை கேட்டால் கட்டுரையில் பதில் இல்லை.

இன்னொரு குறை, காலக் குழப்பம். 1955-ல் கால் கிலோ பொரிகடலை வாங்கித் தின்றதாகவும் 1965-ல் சத்துணவு சாப்பிட்டதாகவும் எழுதுகிறார்கள். இரண்டும் நடந்திருக்க முடியாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம். இந்தக் கைவேலைகளைத் தன் கையால் செய்தவர்களில் பெரும்பாலோர் இன்று எழுபதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். அவர்கள் எழுதி அனுப்பும்போதே செய்முறையையும் ஆண்டையும் கேட்டு வாங்கிப் போடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். மாதிரிக்குச் சிலவற்றை எழுதியிருக்கிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிலேட்டு என்று எழுதுகிறவர்கள் கல் சிலேட்டையும் மரப்பலகையையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். கல் சிலேட்டுக்குப் பேர்போன ஊர் ஆந்திரத்தின் மார்க்காபூர். ஏடு ஏடாகப் பிரியும் கறுத்த கல்லை அறுத்து, தேய்த்து, நாலு பக்கமும் மரச்சட்டம் போட்டு விற்பார்கள். அதற்குக் கறுப்பு பூச வேண்டிய தேவையே இல்லை. கல்லின் நிறமே அதுதான். அதில் வரும் கோளாறு எண்ணெய்ப் பிசுக்கு. தலையில் வைத்த தேங்காயெண்ணெய் கைக்கு வரும், கையிலிருந்து சிலேட்டுக்குப் போகும். போதாக்குறைக்கு எச்சில் தொட்டு அழிப்பது, சட்டைத் தலைப்பால் துடைப்பது. பத்து நாளில் சிலேட்டு பளபளவென்று மின்னும். மின்னினால் குச்சி பிடிக்காது. கல்லின் சொரசொரப்பில் குச்சி உரசி மாவாக உதிர்ந்தால்தான் எழுத்து. பிசுக்கு அந்தச் சொரசொரப்பை மூடிவிடுகிறது.

இதற்குத்தான் கரியும் இலையும். அடுப்பில் வெந்து தணிந்த விறகுக்கரியில் கட்டைவிரல் அளவு ஒரு துண்டு போதும். சிரட்டைக்கரி வேண்டாம், அது கெட்டியானது, நைசாக இடிபடாத துணுக்கு கல்லைக் கீறிவிடும். கோவை இலை ஒரு கைப்பிடி. சிலேட்டைத் தரையில் வைத்து, கரியை அதன் மேலேயே நொறுக்கி, இலையைக் கசக்கிப் போட்டு, தேங்காய் நாரால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் பச்சைச் சாறு விடும், பிறகு கருஞ்சாந்தாகும். அப்படியே விட்டு, சாந்து பாதி காய்ந்ததும் கழுவிவிட வேண்டும். பலரும் கழுவாமல் முழுக்கக் காயவிட்டுத் துணியால் தட்டிவிடுவார்கள். அப்போது இலைச்சாறு மேலே ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும், குச்சி முன்னைவிட மோசமாக வழுக்கும். "தேய்த்தும் பிடிக்கவில்லை" என்பதற்குக் காரணம் இதுதான். காய வைப்பது நிழலில். வெயிலில் சாய்த்து வைத்தால் மரச்சட்டம் நெளிந்து மூலை விட்டுவிடும். பிறகு ஆணி அடிக்கப் போய்க் கல் விரியும்.

மரப்பலகைக்கு நேர்மாறு. அங்கே பூச்சு தங்க வேண்டும். கரியை இடித்துத் துணியில் சலித்து, கோவை இலைச் சாற்றில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து, ஒரே திசையில் பூசி, காய்ந்த பிறகு இன்னொரு கை பூசுவார்கள். சாற்றின் பசைதான் கரியைப் பிடித்து வைக்கிறது. தண்ணீரில் குழைத்தால் மறுநாளே கையோடு வந்துவிடும். சில ஊர்களில் கோவைக்குப் பதில் ஊமத்தை இலை. வேலை நன்றாகத்தான் நடக்கும், ஆனால் ஊமத்தை விஷச்செடி. அந்தக் கையோடு கண்ணைக் கசக்கினால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். இன்றைக்கு யாராவது பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதானால் ஊமத்தையைத் தொட வேண்டாம், கோவையே போதும். மழைக்காலத்தில் ஈரச்சுவர் ஓரம் முளைக்குமே, கண்ணாடி போல் நீர்த்தண்டு உள்ள குட்டிச்செடி, அதை ஒடித்துத் தேய்ப்பது குமரிப் பக்கத்து வழக்கம். அது அழிப்பதற்கு மட்டும், கறுப்பாக்க உதவாது.

குச்சி கிறீச்சிட்டால் வகுப்பே பல்லைக் கடிக்கும். குச்சியை நீளமாக விட்டுச் செங்குத்தாகப் பிடித்தால் அது கல்லில் பற்றிப் பற்றி நழுவும். அந்த அதிர்வுதான் சத்தம். இரண்டாக ஒடித்து, படுக்கச் சாய்த்துப் பிடித்தால் நின்றுவிடும். குச்சியை நனைத்து எழுதினால் முதலில் ஒன்றுமே தெரியாது, ஈரம் காயக் காய எழுத்து வெளுத்து எடுப்பாக வரும். குச்சி தின்கிற பிள்ளையை அடித்தது எல்லா ஊரிலும் உண்டு. மண்ணும் குச்சியும் தின்னும் ஆசைக்கும் ரத்தசோகைக்கும் தொடர்பு உண்டு என்பதால் அடியைவிட முருங்கைக்கீரை பொருத்தமாக இருந்திருக்கும். குச்சியைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் எழுதாத ஒரு பக்கமும் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் பக்கம் சிலேட்டுக்குச்சி அறுக்கும் பட்டறைகளில் கல்தூசியைச் சுவாசித்து, நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் நோயால் தொழிலாளர்கள் இளவயதிலேயே இறந்தார்கள். நம் பிள்ளைகள் கையிலிருந்த குச்சியோடு சேர்த்து அதையும் நினைக்கத்தான் வேண்டும்.

சிலேட்டுக்கு முன்னால் மணல். ஆற்று மணலைச் சலித்து, அரை விரல்கடை உயரத்துக்குப் பரப்பி, ஆள்காட்டி விரலால் எழுதுவது. திண்ணைப் பள்ளிக்கூடத்து முறை இது. 1790-களில் எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், மூத்த பிள்ளை இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் எடுத்துக்கொண்டுபோய் இங்கிலாந்தில் மதராஸ் முறை என்று பரப்பினார். நம் திண்ணைச் சரக்கு கப்பலேறிப் போனது கட்டுரைகளில் வர வேண்டிய செய்தி. மணல் ரொம்பக் காய்ந்திருந்தால் எழுத்தின் கரை சரியும், ஈரமானால் விரலில் அப்பும். தண்ணீரை ஒருமுறை உதறித் தெளித்து, மேல்மணலைக் கிளறிவிட்டால் பதமாக இருக்கும்.

அடுத்து மைப்பேனா. இதைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள், அதிகம் தவறாகவும் எழுதுகிறார்கள். "பேனா கக்கும்" என்று சிரிப்போடு விட்டுவிடுகிறார்கள். ஏன் கக்கியது?

அந்தப் பேனாவின் குழாயே மைத்தொட்டி. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் மை ஊற்றி, திரும்ப மூடுவது. நிப்புக்கு அடியில் கறுப்பாக இருக்கும் நாக்கில் மெல்லிய வாய்க்கால் ஒன்று ஓடும். மை அதன் வழியாக நிப்புக்கு வரும். வந்த அளவுக்குக் காற்று அதே வழியாக உள்ளே போகும். குழாய் நிறைய மை இருக்கும்போது உள்ளே காற்று குறைவு, தொந்தரவு இல்லை. மை கால்வாசிக்கு இறங்கினால் முக்கால்வாசியும் காற்று. கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைப் பிதுக்கித் தள்ளும். நிறைந்த பேனாவைவிடக் காலியாகப்போகிற பேனா கக்குவது இதனால்தான். பரீட்சைக்குப் போகுமுன் மை பாதிக்கு மேல் இருந்தாலும் நிரப்பிக்கொள் என்று பெரியவர்கள் சொன்னதற்கு மை தீர்ந்துவிடும் என்ற பயம் மட்டும் காரணமல்ல.

கழுத்துப் பக்கம் கசிந்து விரலில் நீலம் ஒட்டுவது வேறு கோளாறு. மரை தேய்ந்திருக்கும். மரையில் மெழுகுவர்த்தியை ஒருமுறை தேய்த்தோ, ஒற்றை நூலைச் சுற்றியோ திருகினால் நிற்கும். நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினால் குழாயின் வாய் வெடிக்கும். வெடித்த குழாய்க்கு மருந்தே கிடையாது.

எழுதும்போது கோடு விட்டு விட்டு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது நிப்பும் நாக்கும் ஒட்டியிருக்கின்றனவா என்பது. வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்தால் இடைவெளி தெரியும். நிப்பின் பிளவு நாக்கின் வாய்க்காலுக்கு நேர் மேலே நிற்க வேண்டும், நாக்கின் நுனி நிப்பின் நுனிக்குக் கொஞ்சம் பின்னால் நிற்க வேண்டும். எபோனைட் என்ற கெட்டி ரப்பர் நாக்கானால் வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு, இளகியதும் நிப்போடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக் குளிரவிட்டால் படிந்துவிடும். பிளாஸ்டிக் நாக்கில் இந்த வித்தை நடக்காது, கோணிப் போகும். எல்லாரும் செய்தது வேறு: பழைய பிளேடின் மூலையை நிப்பின் பிளவில் விட்டு இழுப்பது. ஒருமுறை இழுத்தால் அடைத்திருந்த தூசி போகும். வாரம் ஒருமுறை இழுத்தால் பிளவு விரிந்து, பிறகு எழுதுகிற ஒவ்வொரு எழுத்தும் அடுத்த பக்கத்துக்கு ஊறும். நிப்பைப் பல்லால் கடித்து இழுத்தவர்கள் தங்கள் நாக்கு நீலமானதை எழுதுகிறார்கள். நிப்பு நெளிந்ததை எழுதுவதில்லை. ஈரத் துணியால் நிப்பையும் நாக்கையும் சேர்த்துப் பிடித்து, திருகாமல் நேராக இழுப்பதே முறை.

ஒரு கம்பெனி மைக்கு மேல் இன்னொரு கம்பெனி மையை ஊற்றக் கூடாது. சில மைகள் சேர்ந்தால் திரிந்து, கசடு நாக்கில் அடைக்கும். புட்டியைத் திறந்துபோட்டால் பூஞ்சை பிடித்து நூல் நூலாக மிதக்கும். தூளாகவும் வில்லையாகவும் மை விற்ற காலத்தில் கிணற்று உப்புத்தண்ணீரில் கரைத்து அவதிப்பட்டவர்கள் உண்டு. மழைத்தண்ணீரோ கொதித்து ஆறிய தண்ணீரோதான் சரி. கரைத்த பிறகு மெல்லிய துணியில் வடிகட்டி ஒரு ராத்திரி தெளியவிட்டு ஊற்ற வேண்டும். மை சிந்தினால் சாக்பீஸ். அதை அழுத்தித் தேய்த்தால் தாளில் மை பரவும். சிந்திய சொட்டின் மேல் படுக்க வைத்து உருட்டினால் தானே உறிஞ்சிக்கொள்ளும். மைக்கடன் கொடுக்கும் முறையையும் யாரோ எழுதியிருந்தார்கள்: பெஞ்சில் சொட்டுச் சொட்டாக உதறி, அடுத்தவன் நிப்பால் தொட்டு உறிஞ்சிக்கொள்வது. அப்படி உறிஞ்சியது பேனாவின் நாக்கை நனைக்கும், அவ்வளவுதான். அரைப் பக்கம்கூட வராது. ஒழுங்கான கடன் என்றால் இரண்டு பேனாவின் கழுத்தையும் கழற்றிக் குழாய்க்குக் குழாய் சாய்த்து ஊற்றுவது. அதற்குக் கை நடுங்காத மூன்றாவது ஆள் ஒருவன் வேண்டும்.

ஜூன் மாதத்து அட்டை போடும் வைபவத்தில் ஒன்றைச் சொன்னால் போதும். காக்கித்தாளை மூன்று விரற்கடை மடிப்புக்கு விட்டு வெட்டி, புத்தகத்தை மூடிய நிலையிலேயே இறுக்கம் பார்த்து மடிக்க வேண்டும். விரித்து வைத்துக்கொண்டு இறுக்கி மடித்தால் மூடும்போது முதுகுப் பக்கம் தாள் போதாமல் அட்டையை இழுத்துக் கிழிக்கும். மைதாப் பசையில் மயில்துத்தம் துளி போட்டால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் அண்டாது. ஆனால் துத்தமும் நஞ்சுதான், விரலை நக்குகிற வயசுப் பிள்ளைகளிடம் அந்தப் பசையைக் கொடுக்கக் கூடாது.

சாயங்காலம் அரிக்கேன் விளக்குத் துடைப்பது பல வீடுகளில் பிள்ளைகள் வேலை. கண்ணாடியைச் சாம்பலோ திருநீறோ தொட்ட பழந்துணியால் துடைத்து, பிறகு செய்தித்தாளைக் கசக்கி உள்ளே விட்டுச் சுழற்றினால் பளிச்சென்று வரும். கையை உள்ளே விடுமளவுக்குச் சின்னக் கை என்பதால்தான் அந்த வேலை பிள்ளைகளுக்கு வந்தது. தண்ணீரில் கழுவினால் சொட்டு ஈரம்கூட இல்லாமல் துடைத்தாக வேண்டும்; ஈரம் இருக்கும் இடத்தில் சூடு பட்டால் விரிசல் ஓடும். ஏற்றியவுடன் திரியைப் பெரிதாகத் தூக்கினாலும் அதே கதி. நாலைந்து நிமிடம் சின்னதாக எரியவிட்டு, கண்ணாடி சூடேறிய பிறகே தூக்க வேண்டும். புதுத் திரியை எண்ணெயில் நன்றாக ஊறவிட்டுத்தான் பற்றவைப்பார்கள். ஊறாத திரியில் எண்ணெய் எரியாது, திரியே எரியும்.

ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி கரிபிடிக்கிறதென்றால் திரி கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். திரியின் கருகிய விளிம்பைத் துணியால் நிமிண்டி எடுத்து நேராக்கி, இரண்டு மூலையையும் நூலளவு கத்தரித்துவிட்டால் சுடர் வளைந்த விளிம்போடு நிற்கும். மூலையை அப்படியே விட்டால் சுடருக்கு இரண்டு கொம்பு முளைத்துக் கரி கக்கும். படபடவென்று பொரிந்தால் மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. புட்டியை அசையாமல் வைத்திருந்தால் தண்ணீர் அடியில் தங்கும், மேலோட்டமாகச் சாய்த்து ஊற்றிக்கொள்ளலாம். படிக்கிற பிள்ளைக்கு விளக்கு இடது பக்கம் இருக்க வேண்டும் என்பது வலது கையால் எழுதுகிறவனுக்குச் சொன்னது. கையின் நிழல் எழுத்தின் மேல் விழாமல் இருக்கத்தான்.

காலக் கணக்குக்கு வருவோம். மெட்ரிக் எடைகள் 1958-ல் தொடங்கிப் படிப்படியாக வந்து 1962-ல் கட்டாயமாயின. 1955-ல் கடைக்காரர் பொரிகடலையைப் பலத்திலோ ஆழாக்கிலோதான் கொடுத்திருப்பார். பலம் என்பது ஏறக்குறைய 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, கிட்டத்தட்ட 1.4 கிலோ. படிக்கு 8 ஆழாக்கு. காசும் அப்படியே. 1957 ஏப்ரல் 1 முதல்தான் ரூபாய்க்கு 100 நயா பைசா. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஓரணா 6 நயா பைசா, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25 என்று மாற்றுக் கணக்கு வைத்தார்கள். ஆறேகால் என்ற உண்மைக் கணக்கு முழுக் காசில் அடங்காததால் வந்த வினை இது. 16-ஆம் வாய்பாடு வரை மனப்பாடம் செய்யவைத்ததும் வீம்புக்கு இல்லை. அணாக் கணக்குக்கு அது அன்றாடம் வேண்டியிருந்தது. நயா என்ற அடைமொழி 1964-ல் போனது. அறுகோண மூன்று பைசா வந்ததும் அந்த ஆண்டுதான். தாமரை பொறித்த பித்தளை நிற இருபது பைசா 1968-ல் வந்தது. ஆகவே 1960-ல் இருபது பைசா நாணயத்துக்கு ஐஸ் வாங்கியதாக எழுதுகிறவர் ஆண்டையோ காசையோ மாற்றிக்கொள்ள வேண்டும். நாலணா, எட்டணா என்று பேசியதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 25 பைசா செல்லாமல் போன 2011 வரை, அதற்குப் பிறகும்கூட, ஜனங்கள் அப்படியேதான் சொன்னார்கள்.

பள்ளிக்கூடச் சாப்பாட்டில் குழப்பம் இன்னும் அதிகம். சென்னை மாநகராட்சி 1920-ல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கியது ஒன்று. காமராசர் காலத்தில், 1956-ல், மாநிலம் முழுவதற்கும் வந்தது மதிய உணவுத் திட்டம். 1960-களில் கேர் நிறுவனம் கொடுத்த அமெரிக்கக் கோதுமை ரவை, சோள மாவு, எண்ணெய், பால் பவுடர் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவை. சத்துணவுத் திட்டம் எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1-ல் தொடங்கியது. 10 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு 1984-ல் நீட்டித்தார்கள். முட்டை வந்தது 1989-ல். "சத்துணவு டீச்சர்" நினைவில் வருகிறார் என்றால் அந்த நினைவு 1982-க்குப் பிந்தையது. அதேபோல, 1978-ல் மேல்நிலை வகுப்பு வரும்வரை பள்ளியின் கடைசி வகுப்பு பதினொன்று. அதற்கு மேல் கல்லூரியில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு. எழுத்துச் சீர்திருத்த அரசாணையும் 1978-ல்தான். ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலான 13 எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு வந்தன. தேதியில்லாத பழைய நோட்டுப் புத்தகம் பரணிலிருந்து கிடைத்தால் இந்த எழுத்துகளைப் பாருங்கள். சிறுபிள்ளைக் கையெழுத்தில் துதிக்கை வைத்த லை இருந்தால் 1978-க்கு முந்தையதாக இருக்கவே வாய்ப்பு. பெரியவர் கையெழுத்தை வைத்து முடிவுகட்ட முடியாது. அரசாணைக்குப் பின்னும் பல வருஷம் பழைய வடிவிலேயே எழுதினார்கள்.

பல்லாங்குழியை எழுதாமல் முடிக்க மனமில்லை. பாட்டியோடு விளையாடியதை எழுதுகிறவர்கள் ஆட்டத்தை எழுதினால் என்ன? பக்கத்துக்கு 7 ஆக 14 குழி. பசுப்பாண்டி ஆட்டத்துக்குக் குழிக்கு 5 முத்து வீதம் 70. தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்று போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் உள்ளது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கு அடுத்த குழியில் உள்ளதை வென்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விட வேண்டும். சில ஊர்களில் எதிர்க்குழியும் சேரும். இரண்டு குழி அடுத்தடுத்து வெறுமையானால் ஒன்றும் கிடையாது. போட்டுக்கொண்டு போகும்போது ஒரு குழியில் முத்து நாலானால் அது பசு. குழி யார் பக்கமோ அவர் உடனே எடுக்க வேண்டும். பராக்குப் பார்த்துக்கொண்டிருந்து அதில் ஐந்தாவது விழுந்துவிட்டால் போனது போனதுதான்.

விளையாடியவர்களே பலர் கவனிக்காத ஒன்று: 14 குழியிலும் ஐந்தைந்து இருக்கும்போது முதல் ஆட்டத்தை எந்தக் குழியில் தொடங்கினாலும் முடிவு ஒன்றே. ஐந்து முறை அள்ளிப் போட்ட பிறகு, தொடங்கிய குழியிலிருந்து நாலாவது குழி வெறுமையாக எதிர்ப்படும். அதைத் தடவினால் ஐந்தாவது குழியில் 7 முத்து. நடுவில் பசுவும் விழாது. முத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். ஆகவே முதல் ஆட்டத்தைச் சின்னப்பிள்ளைக்குத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். போடும்போது ஒரு குழியைத் தாண்டாமல் போட்டால் போதும், ஏழு நிச்சயம். சாமர்த்தியமெல்லாம் இரண்டாவது ஆளின் முறையில்தான் தொடங்குகிறது. அப்போது குழிகளில் ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு என்று கலைந்து கிடக்கும். கண்ணாலேயே எண்ணிப் பார்த்துத் தொட வேண்டும். தொட்ட குழியை மாற்றக் கூடாது.

கடைசியாக ஒரு திருத்தம், இதை மட்டுமாவது அவசியம் வெளியிடுங்கள். அண்மையில் ஒரு கட்டுரையோடு வந்த படத்தில் பல்லாங்குழியில் குன்றிமணி நிரப்பியிருந்தது. சிவப்பில் கருப்புப் புள்ளியோடு பார்க்க அழகுதான். ஆனால் அதன் பருப்பு கொடிய விஷம். தோல் கெட்டி என்பதால் முழுதாக விழுங்கியது சில சமயம் அப்படியே வெளியேறிவிடலாம். கடித்து மென்றாலோ, மாலை கோக்கத் துளையிட்டதை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. எப்படி விழுங்கியிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விளையாட ஏற்றது மஞ்சாடி. குன்றிமணியைவிடப் பெரியது, தட்டையாக, புள்ளியே இல்லாமல் முழுச் சிவப்பாக இருக்கும். மஞ்சாடியோ சோழியோ கிடைக்காவிட்டால் கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை. எதுவானாலும், கண்டதையெல்லாம் வாயில் போடும் வயசுக் குழந்தை வீட்டில் இருந்தால் ஆட்டம் முடிந்ததும் எழுபதும் இருக்கிறதா என்று எண்ணி மூடிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இருவர்,
தென்காசி மாவட்டம்.